பாரிமுனையில் வாங்கிய ஸ்லைடு பெட்டி: செல்லின் தலையும் காலும் தெரிகிறதா?

வார்னிஷ் அடித்த மரப்பெட்டி, உள்ளே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் 25 திசு ஸ்லைடுகள், மூடியின் உட்பக்கம் ஒட்டிய பெயர்ப்பட்டியல். விலை 3,200 ரூபாய். பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில், பாரிமுனையில் லேப் சாமான் விற்கும் கடை ஒன்றில் வாங்கினேன். சரக்கு ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வருகிறது. நம் ஊர் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு வரும் சாமான்களில் நிறைய அங்கே இருந்துதான் வருகின்றன. முதல் 15 ஸ்லைடுகள் ஆரோக்கியமான திசுக்கள், மீதி 10 நோய்த் திசுக்கள். பி.எஸ்ஸி. விலங்கியல், டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) படிக்கும் பிள்ளைகளுக்கு என்று சொல்லி விற்கிறார்கள்.

நான் சென்னையில் ஹிஸ்டோபேத்தாலஜி (திசுவைச் சோதித்து நோய் கண்டறியும்) பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் திசுவை பிராசஸ் செய்து, பாராஃபின் மெழுகில் பதித்து பிளாக் போட்டு, மைக்ரோடோமில் நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, எச் அண்ட் ஈ (ஊதா ஹெமடாக்சிலின், ரோஸ் ஈயோசின்) சாயம் போட்டு டாக்டர் மேசைக்கு அனுப்புவது என் வேலையாக இருந்தது. இப்போது பெரம்பூரில் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு மைக்ரோஸ்கோப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். அதற்காகத்தான் இந்தப் பெட்டி.

சாயம் பளிச்சென்று இருக்கிறதா, கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தச் செக்‌ஷனில் செல்லுக்கு மேல்பக்கம் எது, கீழ்பக்கம் எது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தால் அந்த ஸ்லைடை வைத்துப் புற்றுநோய் எப்படி ஆரம்பிக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். தெரியாவிட்டால் அது வெறும் ஊதா, ரோஸ் நிறக் கறைதான்.

பேத்தாலஜி டாக்டர்கள் ரிப்போர்ட்டில் ‘லாஸ் ஆஃப் போலாரிட்டி’ என்று எழுதுவார்கள். குடல், மார்பகம், சிறுநீரகம், கருப்பை வாய் என்று உடம்பின் உள்ளும் புறமும் உறை போட்டிருக்கும் எபிதீலியம் செல்கள் ஒவ்வொன்றுக்கும் திசை உண்டு. வெற்றிடத்தைப் பார்க்கும் பக்கம் தலை. அடித்தளச் சவ்வில் உட்கார்ந்திருக்கும் பக்கம் கால். பக்கவாட்டில் அடுத்த செல்லோடு கை கோர்த்திருக்கும். எந்தப் புரதம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தத் திசையை வைத்துத்தான் தீர்மானமாகிறது. அந்தத் திசை குலைவதைத்தான் டாக்டர் அந்த ஒரு வரியில் எழுதுகிறார். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த எபிதீலியம் செல்களில்தான் தொடங்குகின்றன.

பெட்டியில் இதற்கு மிக நல்ல ஸ்லைடு சிறுகுடல். விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் முழு நீளத்துக்கு வெட்டுப்பட்டிருக்கின்றன. 40 எக்ஸ் ஆப்ஜெக்டிவில் வைத்தால் ஒவ்வொரு செல்லின் தலையிலும் பிரஷ் பார்டர் (தூரிகை மயிர் போன்ற நுண்ணிய விளிம்பு) ஒரு மெல்லிய ரோஸ் கோடாக ஓடுகிறது. நியூக்ளியஸ்கள் எல்லாம் கீழே ஒரே மட்டத்தில் இருக்கின்றன. குளூக்கோஸைச் சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கும் புரதம் தலைப்பக்கச் சவ்வில் இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் காலிலும் பக்கவாட்டிலும் இருக்கிறது. இரண்டும் இடம் மாறாமல் இருப்பதால்தான் சாப்பாடு ரத்தத்தில் சேர்கிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் தண்ணீர் உடம்பில் ஏறுவதும் இதனால்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் லென்ஸில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறார்கள், அப்புறம் மறுபடி குனிந்து பார்க்கிறார்கள். இந்த ஒரு ஸ்லைடுக்கு மட்டும் தனியாக 300 ரூபாய் கேட்டாலும் கொடுப்பேன்.

சிறுநீரக ஸ்லைடும் நன்றாகவே இருக்கிறது. தைராய்டு பரவாயில்லை. நுரையீரல், கல்லீரல், தோல் எல்லாம் வழக்கமானவை, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பெருங்குடல்தான் பிரச்சினை. பெட்டியில் பெருங்குடல் மூன்று ஸ்லைடுகளாக வருகிறது: சாதாரணம், அடினோமா (குடல் சுவரில் முளைக்கும் பாலிப் கட்டி), கார்சினோமா (புற்று). இந்த மூன்றும் வரிசையாக இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் நான் இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். சாதாரணத் திசு, பிறகு பாலிப், பிறகு புற்று என்று படிப்படியாகக் காட்டும் தொகுப்பு மலிவு விலையில் எளிதில் கிடைக்காது. அடினோமாவும் கார்சினோமாவும் நல்ல வெட்டு. ஆனால் சாதாரணப் பெருங்குடல் சரிவாக வெட்டப்பட்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெருங்குடலின் சுரப்பிகள் சின்னச் சின்னக் குழாய்களாக நேராகக் கீழே இறங்குகின்றன. முருங்கைக்காயை நீளவாக்கில் பிளந்தால் ஒரு தோற்றம், நேர்க்குறுக்காக வெட்டினால் வட்டம், சாய்த்து நறுக்கினால் விதையும் சதையும் தோலும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்றே தெரியாத ஒரு துண்டு கிடைக்கும். குடல் துண்டை மெழுகில் பதிக்கும்போது சளிப்படலம் பிளேடுக்கு நேராக நிற்கும்படி ஓரத்தில் நிறுத்திப் பதிக்க வேண்டும். படுக்கவைத்துப் பதித்துவிட்டால் சுரப்பியின் சுவர் சாய்வாக வெட்டுப்படும். அப்போது ஒரே அடுக்கில் இருக்கும் நியூக்ளியஸ்கள் மூன்று, நான்கு அடுக்காக ஏறி நிற்பதாகத் தெரியும். ஆரோக்கியமான குடலே டிஸ்ப்ளேசியா (புற்றுக்கு முந்தைய மாற்றம்) வந்த குடலாகக் கண்ணுக்குத் தோன்றிவிடும். அனுபவமுள்ள டாக்டர் இதைக் கண்டுபிடித்துவிடுவார், பிளாக்கைத் திருப்பிப் பதித்து மறுபடி வெட்டச் சொல்வார். படிக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? சாதாரணத் திசுவைத் தப்பாகப் பார்த்துப் பழகிவிட்டால் அடினோமாவைப் பார்க்கும்போது வித்தியாசமே உறைக்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு ஸ்லைடு இருக்கும்போது அது நேராக இருக்கவேண்டியது தயாரிப்பாளரின் கடமை.

அடினோமா ஸ்லைடுக்கு வருகிறேன். இந்தப் பெட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஸ்லைடின் இடது ஓரத்தில் நியூக்ளியஸ்கள் நீண்டு, கருத்து, ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனாலும் செல்லின் கீழ்ப்பாதியைத் தாண்டவில்லை. வலது பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் அவை மேலே ஏறத் தொடங்குகின்றன. அதற்கப்புறம் உருண்டு திரண்டு, சில தலைப்பக்கத்தையே தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பெரியார் நகரில் இருந்து வரும் ஒரு பெண் இதைப் பார்த்துக்கொண்டே, “மேடம், இந்தப் பக்கம் எல்லாம் கறுப்பா இருக்கு, ஆனா அடியிலதான் இருக்கு. அந்தப் பக்கம் போனா எது மேல எது கீழன்னே தெரியலை” என்றாள். “அடியில இருக்குற வரைக்கும் லோ கிரேடுன்னு, அதாவது மாற்றம் கம்மின்னு எழுதுவாங்க. நீ ரெண்டாவதா சொன்னதுதான் ஹை கிரேடு” என்றேன். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பதை அவளே ஒரே ஸ்லைடில் கண்டுபிடித்துவிட்டாள். கார்சினோமா ஸ்லைடில் சுரப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சல்லடையாகி, அடித்தளச் சவ்வைத் தாண்டித் தசைக்குள் இறங்கியிருக்கின்றன. அங்கே தலையும் இல்லை, காலும் இல்லை.

சரி, திசை குலைவது புற்றுநோயின் அடையாளம் மட்டும்தானா, அல்லது அதற்குக் காரணத்திலும் பங்கு உண்டா? பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. பெட்டியோடு வரும் எட்டுப் பக்கக் கையேட்டில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘நியூக்ளியஸ் பெரிதாக இருக்கும், ஒழுங்கற்று இருக்கும்’ என்பதோடு முடித்துவிட்டார்கள். 3,200 ரூபாய் வாங்குபவர்கள் இதற்கு இன்னும் நான்கு பக்கம் சேர்த்திருக்கலாம். எனவே நான் வகுப்பில் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

கதை பழ ஈயில் தொடங்குகிறது. வாழைப்பழத் தோலில் மொய்க்கும் அதே சின்ன ஈ, ட்ரோசோஃபிலா. 1930களிலேயே ஒரு விசித்திரமான மரபணுப் பிறழ்வு தெரியவந்திருந்தது. அதைக் கொண்ட புழு கூட்டுப்புழுவாக மாறாமல் பெருத்துக்கொண்டே போய்ச் செத்துவிடும். அந்த மரபணுவுக்கு லீத்தல் ஜயன்ட் லார்வே என்று பெயர். பிற்பாடு டிஸ்க்ஸ் லார்ஜ், ஸ்கிரிபிள் என்று இன்னும் இரண்டு கிடைத்தன. இந்த மூன்றில் எது பழுதானாலும், ஒரே அடுக்காக இருக்க வேண்டிய எபிதீலியம் திசையிழந்து பல அடுக்குக் கட்டியாகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் டேவிட் பில்டரும் நார்பர்ட் பெரிமனும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்த மூன்றும் ஒரே பாதையில் கூட்டாக வேலை செய்து, செல்லின் திசையையும் வளர்ச்சியையும் சேர்த்தே கட்டுப்படுத்துகின்றன என்று காட்டியது. திசையைக் காக்கும் மரபணுக்களே கட்டி வராமல் தடுக்கும் மரபணுக்களாகவும் இருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. பழ ஈயின் திசுவில் ஒரு சிறு கூட்டம் செல்களில் மட்டும் ஸ்கிரிபிளை எடுத்துவிட்டால், சுற்றியிருக்கும் நல்ல செல்கள் அவற்றை விட்டுவைப்பதில்லை, அழித்துவிடுகின்றன. ஆனால் அதே செல்களில் ராஸ் என்ற வளர்ச்சி மரபணுவும் எப்போதும் முடுக்கிவிடப்பட்ட நிலையில் இருந்தால் கதை தலைகீழாகிறது. அவை பெருகி, பக்கத்துத் திசுக்களுக்குள் புகுந்து, வேறு இடங்களுக்கும் பரவுகின்றன. 2003இல் இதைக் காட்டினார்கள். ராஸ் மட்டும் கெட்டால் வளர்ச்சி அதிகமாகும், பரவல் இல்லை. இரண்டும் சேரும்போதுதான் அசல் புற்றுநோயின் குணம் வருகிறது. பெருங்குடல் புற்றிலும் ராஸ் குடும்பத்தின் கேராஸ் மரபணு அடிக்கடி பிறழ்ந்திருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால், ஈயில் நடந்த சோதனைக்கும் அடினோமா ஸ்லைடுக்கும் உள்ள தொடர்பு பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

திசை குலைந்தால் ஏன் வளர்ச்சி கூடுகிறது? ஒரு காரணம் மூச்சுக்குழாயில் அழகாகத் தெரியவந்தது. அங்கே ஹெரகுலின் என்ற வளர்ச்சித் தூதுப்பொருள் செல்லின் தலைக்கு மேலே உள்ள நீரில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் காலிலும் பக்கவாட்டிலும் இருக்கின்றன. நடுவில் செல்களை இறுக்கிப் பூட்டும் டைட் ஜங்ஷன். இரண்டும் சந்திக்கவே முடியாது. படலத்தில் காயம் பட்டால் மட்டும் பூட்டு திறந்து, தூதுப்பொருள் ஏற்பியைத் தொட்டு, செல்கள் பெருகிக் காயத்தை மூடுகின்றன. இதுவும் 2003இல் வெளியான ஆய்வுதான். திசை நிரந்தரமாகக் குலைந்த படலத்தில் அந்தக் காயம் ஆறுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓயாமல் ‘வளர்’ என்ற கட்டளை போய்க்கொண்டே இருக்கும். இன்னொரு காரணம், செல் பிரியும் கோணம். திசை சரியாக இருந்தால் ஒரு செல் பக்கவாட்டில் பிரிந்து, இரண்டு சேய்களும் அதே அடுக்கில் உட்காரும். குலைந்தால் ஒன்று மேலே ஏறிக்கொள்ளலாம். அடுத்தது யாப் என்ற புரதம். செல்கள் ஒழுங்காகக் கை கோர்த்திருக்கும்வரை அது நியூக்ளியஸுக்கு வெளியே அடங்கிக் கிடக்கிறது. ஒழுங்கு கெட்டால் உள்ளே போய் வளர்ச்சி மரபணுக்களை எழுப்பிவிடுகிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கருப்பை வாய் ஸ்லைடுகளைப் பார்க்க வேண்டும். பெட்டியில் அவையும் இரண்டு இருக்கின்றன, இரண்டுமே முதல் தரம். சாதாரண ஸ்லைடில் அடியில் சின்னச் சின்ன கருத்த செல்கள், மேலே வர வரத் தட்டையாகி வெளுத்துப்போகும் செல்கள். கீழிருந்து மேலே முதிர்ச்சி ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. சி.ஐ.என். 3 (புற்றுக்கு முந்தைய மாற்றத்தின் முற்றிய படி) என்று போட்டிருக்கும் இன்னொரு ஸ்லைடில் அடியிலிருந்து உச்சிவரை ஒரே கருப்பு. ஸ்லைடைத் தலைகீழாக வைத்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. இதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் 16, 18 ஆகிய வகைகளில் ஈ6 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது என்பது பலருக்கும் தெரிந்தது. அதே ஈ6 தன் வால் நுனியால் ஸ்கிரிபிளையும் டிஸ்க்ஸ் லார்ஜையும் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. பழ ஈயில் பார்த்தோமே, அவற்றின் மனித வடிவங்களைத்தான். ஒரு வைரஸ் செல்லைக் கைப்பற்ற வரும்போது எதையெல்லாம் உடைக்கிறது என்று பார்த்தாலே திசையின் முக்கியத்துவம் தெரிந்துவிடும். என் வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளிடம் இந்த ஸ்லைடைக் காட்டிய கையோடு, தடுப்பூசி பற்றியும், உரிய வயது வந்தபின் செய்துகொள்ள வேண்டிய, கருப்பை வாய் செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பற்றியும் பேசிவிடுகிறேன். இந்தப் புற்று மெதுவாக வருவது, முன்கூட்டியே பிடித்துவிடக்கூடியது. நான் வேலையில் இருந்த காலத்தில் மிகத் தாமதமாக வந்த பெண்களின் பிளாக்குகளை நிறைய வெட்டியிருக்கிறேன். அதனால் இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது.

வயிறு ஸ்லைடு ஏமாற்றம். செக்‌ஷன் தடிப்பாக இருக்கிறது, ஒரு ஓரத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது. வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சென்னைக்கு இது முக்கியமான ஸ்லைடு. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் முக்கியப் புற்றுகளில் ஒன்றாக இரைப்பைப் புற்று நீண்டகாலமாக இருந்துவருகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டறிந்ததற்கு பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பாக்டீரியாவின் சில வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் ஊசி போட்டு இறக்குகின்றன. அது பார்-1 என்ற புரதத்தை முடக்கிச் செல்லின் திசையைக் குலைக்கிறது என்று 2007இல் ஜப்பானில் ஹதகேயாமா குழு காட்டியது. வைரஸும் பாக்டீரியாவும் வெவ்வேறு உறுப்பில் வெவ்வேறு வழியில் நுழைந்து ஒரே ஒழுங்கை உடைக்கின்றன. இதைச் சொல்லிக் காட்ட நல்ல இரைப்பை ஸ்லைடு வேண்டும். இந்தப் பெட்டியில் அது இல்லை.

மார்பகம் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், டக்டல் கார்சினோமா என்ற வகை. கூடவே சாதாரண மார்பகத் திசு இல்லாததால் பாதிப் பயன்தான். மார்பகப் புற்றின் இன்னொரு வகையான லோபுலர் கார்சினோமாவும் சேர்த்திருந்தால் ஈ-கேட்ஹெரின் பற்றிச் சொல்லியிருக்கலாம். செல்கள் பக்கவாட்டில் கை கோர்க்க உதவும் புரதம் அது. லோபுலர் வகையில் பெரும்பாலும் அது இருக்காது, அதனால் செல்கள் ஒற்றை வரிசையாகப் பிரிந்து ஊர்ந்துபோகும். அதே புரதத்தின் மரபணு பழுதாகி, பரம்பரையாக இரைப்பைப் புற்று வந்த ஒரு மாவோரிக் குடும்பத்தை 1998இல் நியூசிலாந்தில் கண்டறிந்தார்கள்.

வேலையில் இருந்த நாட்களில் நான் பார்த்ததிலேயே மறக்க முடியாத ஸ்லைடு மைக்ரோபாப்பிலரி கார்சினோமா. அதில் செல்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு வெற்றிடத்துக்குள் மிதக்கும். வழக்கமாகத் தலைப்பக்கம் மட்டும் இருக்க வேண்டிய மக்-1 என்ற புரதத்துக்குச் சாயம் போட்டால், உருண்டையின் வெளி விளிம்பு பழுப்பாகக் கோடு போட்டுத் தெரியும். அதாவது தலை வெளியே திரும்பியிருக்கிறது. திசை தொலையவில்லை, தலைகீழாகிவிட்டது. இந்த வகை நிணநீர்க் கணுக்களுக்கு மிக எளிதாகப் பரவும். கடையில் விற்கும் தொகுப்புகளில் இதை நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனிதப் புற்றுகளில் ஸ்கிரிபிள் குடும்ப மரபணுக்களே நேரடியாகப் பிறழ்ந்திருப்பது அரிது. அந்தப் புரதம் செல்லில் இருக்கும், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. சில புற்றுகளில் அளவு கூடுதலாகவே இருந்தும் இடம் மாறியிருக்கும். ஆகவே திசை குலைவதுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. பல நேரங்களில் வேறு பிறழ்வுகள் திசையைக் குலைக்கின்றன, குலைந்த திசை அந்தப் பிறழ்வுகளுக்கு மேலும் வழி திறந்துவிடுகிறது. நேரடி உதாரணம் என்றால் எல்.கே.பி.1. உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் பாலிப்புகளும் வரும் பூட்ஸ்-ஜெகர்ஸ் நோய்க்கு இந்த மரபணுவின் பழுதுதான் காரணம் என்று 1998இல் தெரிந்தது. அந்த நோய் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் அபாயமும் அதிகம். 2004இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு, தனியாகக் கிடக்கும் ஒரு குடல் செல்லில் எல்.கே.பி.1ஐ முடுக்கிவிட்டால், பக்கத்துச் செல்லின் துணையே இல்லாமல் அது தனக்குத் தானே தலையும் காலும் வகுத்துக்கொள்கிறது என்று காட்டியது.

எனக்கு நம்பிக்கை தந்த ஆய்வு மினா பிஸ்ஸல் குழுவினுடையது. மார்பகப் புற்று செல்களை மென்மையான ஜெல்லில் வளர்த்தால் தாறுமாறான உருண்டையாகின்றன. 1997இல் அந்தச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு இன்டெக்ரின் (செல் தன் அடித்தளத்தைப் பற்றிக்கொள்ள உதவும்) புரதத்தை ஆன்டிபாடியால் தடுத்தபோது, அவை பிறழ்ந்த மரபணுக்களை அப்படியே வைத்துக்கொண்டு, திசை மீண்டு, நல்ல திசுவின் வடிவத்துக்குத் திரும்பின. ஆய்வகத்துத் தட்டில் நடந்ததுதான், மருந்தாகிவிடவில்லை. ஆனாலும் குலைந்த ஒழுங்கு திரும்பி வரக்கூடியது என்பதைக் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு நிறைகிறது.

சரி, கடை விஷயம். பெருங்குடல் ஸ்லைடையும் வயிற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். கடைக்காரர் முதலில், “எல்லா காலேஜுக்கும் இதைத்தாம்மா அனுப்பறோம், யாரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை” என்றார். சரிவு வெட்டு என்றால் என்னவென்று அவருடைய டெமோ மைக்ரோஸ்கோப்பிலேயே காட்டினேன். பொறுமையாகக் குனிந்து பார்த்தார். “உட்காருங்கம்மா, உதிரியா நிறைய இருக்கு, உங்களுக்கு வேண்டியதைப் பாத்து எடுத்துக்குங்க” என்று ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்தார். அதில் நேராக வெட்டின பெருங்குடல் ஒன்று கிடைத்தது. கூடுதல் காசு வாங்கவில்லை. வயிற்றுக்கு நல்லதாக ஒன்றும் இல்லை, அடுத்த சரக்கு வந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சேவையில் எனக்கு முழுத் திருப்தி.

சாயம் பொதுவாக நன்றாக ஏறியிருக்கிறது. ஈயோசின் சில ஸ்லைடுகளில் அதிகம், ரோஸ் தூக்கலாக இருக்கிறது, ஆனால் நியூக்ளியஸின் எல்லை கெடவில்லை. கவர்ஸ்லிப்புக்கு அடியில் காற்றுக்குமிழி இரண்டு ஸ்லைடுகளில் உண்டு, ஓரத்தில்தான். லேபிள் காகிதம் மட்டம். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு இப்போதே நுனி கிளம்புகிறது. பெயரைக் கண்ணாடியிலேயே வைரமுனைப் பேனாவால் கீறி எழுதிவிட்டேன். பெட்டியின் மூடி மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும் என்று நினைக்கிறேன், கீல் கொஞ்சம் பலவீனம்.

வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பெட்டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கையேடு உதவாது, பக்கத்தில் ஒருவர் இருந்து காட்ட வேண்டும். சொல்லித் தருபவர்கள் தாராளமாக வாங்கலாம். 10 எக்ஸ், 40 எக்ஸ் ஆப்ஜெக்டிவ் உள்ள சாதாரண மைக்ரோஸ்கோப் போதும், எண்ணெய் லென்ஸ் தேவைப்படாது. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே சிறுகுடல், பெருங்குடல் மூன்று, கருப்பை வாய் இரண்டு ஆகியவற்றை 10 எக்ஸில் போட்டுப் பாருங்கள். அடித்தளச் சவ்வு முதல் தலைப்பக்கம் வரை ஒரு செல்லையாவது முழுசாகத் தொடர்ந்து பார்க்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மார்பகத் திசு உதிரியாக 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. கூடவே பெட்டிக்குள் போட சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.